முள்மரத்துக்கு இடம் விட்ட நெடுஞ்சாலை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரை. பேச்சு நடை அதிகம் மாற்றப்படாமல் தரப்படுகிறது.)



சங்கச் செயலாளர் என்னிடம், "உனக்கு இருபது நிமிஷம். எதை வேணும்னாலும் பேசு. ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே மூணு பேர் அதைத்தான் பேசப் போறாங்க" என்றார். ஆகவே சாம்பாரை அவர்களுக்கே விட்டுவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ரோடு போட்டுப் பிழைத்தவன் நான். அதனால் ஒரு ரோட்டைப் பற்றிப் பேசுகிறேன். அது அயர்லாந்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு முள்மரம். அந்த முள்மரத்தில் ஃபேரிகள் கூடுகிறார்கள் என்பது ஊர்ப் பேச்சு. சிரிக்காதீர்கள்! இது முழுக்க முழுக்க சிவில் எஞ்சினீயரிங் சம்பந்தப்பட்ட விஷயம்.

அயர்லாந்து என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் கால்டுவெல் ஞாபகம் வரலாம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அவர் 1814ல் பிறந்தது அந்தத் தீவின் வடபகுதியில், ஆன்ட்ரிம் பக்கத்தில்தான். எனக்கு அந்த நாட்டோடு உறவு ஏற்பட்டது மகளால். லிமெரிக் நகரில் வேலை பார்க்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு அவ்வப்போது போய்ச் சில மாதங்கள் தங்கி வருகிறேன். வேலை இல்லாத ரோடு எஞ்சினீயர் வெளியூரில் என்ன செய்வான்? அடுத்தவன் போட்ட ரோட்டில் குறை கண்டுபிடிப்பான். அப்படிப் பார்த்துக்கொண்டே போகும்போதுதான் இந்த மரத்தின் கதை எனக்குக் கிடைத்தது.

ஷானன் விமான நிலையத்துக்கும் எனிஸ் என்ற ஊருக்கும் இடையில் லட்டூன் என்று ஓர் இடம். கிளேர் மாவட்டம். 1999ல் அங்கே புதிய பைபாஸ் வேலை நடந்தது. அந்தப் பாதையில் ஒரு ஹாதார்ன் மரம் நின்றது. ஹாதார்ன் என்பது மே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் முள்மரம். மரம் என்றுகூடச் சொல்ல முடியாது, பெரிய புதர் அளவுதான். புல்டோசருக்கு அரை நிமிஷ வேலை.

எடி லெனிகன் என்று ஒரு கதைசொல்லி அந்த வட்டாரத்தில் இருக்கிறார். கிராமத்துப் பெரியவர்களைத் தேடிப் போய், டேப்ரிக்கார்டர் வைத்துப் பல வருஷங்களாகக் கதை சேகரித்தவர். அவர் 'ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டர் ஃபேரிகள், மேற்கே கானாட் ஃபேரிகளோடு சண்டைக்குப் போகும்போது கூடுகிற இடம் அது. அதை வெட்டினால் அந்த ரோட்டில் உயிர்ச்சேதம் வரும் என்பது அவர் எச்சரிக்கை. செய்தி அயல்நாட்டுப் பத்திரிகைகள் வரைக்கும் போயிற்று. கடைசியில் மாவட்ட நிர்வாகம் அந்தப் புதருக்குச் சாலை வடிவமைப்புக்குள்ளேயே இடம் ஒதுக்கி, வேலி போட்டுக் காப்பாற்றியது. 2002ல் யாரோ ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, ரம்பத்தால் கிளைகளை எல்லாம் அறுத்துவிட்டுப் போய்விட்டார். அடிமரம் மட்டும் மிச்சம். அது மறுபடியும் துளிர்த்தது.

இதைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் மரம் ஒன்று மனசில் வந்திருக்கும். வரட்டும். அந்த ஒப்பீட்டை உங்கள் பொறுப்புக்கு விட்டுவிடுகிறேன். நான் அயர்லாந்திலேயே நிற்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஃபேரி என்றால் நாம் பள்ளிப் புத்தகத்தில் பார்த்த, பட்டாம்பூச்சிச் சிறகும் கையில் மந்திரக்கோலுமாக இருக்கும் பெண் குழந்தை அல்ல. அயர்லாந்துக் கிராமத்தான் சொல்லும் ஃபேரிக்குச் சிறகு கிடையாது. பல கதைகளில் மனிதர் உயரம்தான். அவர்களுக்கும் மாடு உண்டு, சந்தை உண்டு, கல்யாணம் உண்டு, சாவு உண்டு. ஹர்லிங் என்கிற மட்டைப் பந்து ஆட்டம்கூட ஆடுவார்கள். ஆள் குறைந்தால் மனிதனைக் கூப்பிட்டுச் சேர்த்துக் கொள்வார்கள். நம் பக்கத்திலேயே வாழும் இன்னொரு ஜனம், அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நல்ல மக்கள்' என்பார்கள், 'மேன்மக்கள்' என்பார்கள், 'அந்தக் கூட்டத்தார்' என்பார்கள். நல்லவர்கள் என்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். காதில் விழுந்தால் கோபித்துக் கொள்ளக் கூடாதே என்பதற்காக வைத்த பெயர்.

இவர்கள் யார் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று பழைய ஏடுகளில் வருவது. துவாஹா டே டனன் என்ற தெய்வீகக் குலம் அயர்லாந்தை ஆண்டதாம். பின்னால் வந்த மனிதர்களிடம் தோற்று, மண்மேடுகளுக்கு அடியில் குடிபோயிற்றாம். மண்மேட்டுக்கு அவர்கள் மொழியில் 'ஷீ' என்று பெயர். அதுவே அந்த ஜனத்துக்கும் பெயராயிற்று. சாவு நெருங்கும் வீட்டுக்கு முன்கூட்டியே ஒப்பாரி வைக்கும் 'பான்ஷீ' இருக்கிறாளே, அவள் 'மண்மேட்டுப் பெண்'. ஓ என்றும் மாக் என்றும் தொடங்கும் பழைய குடும்பப் பெயர்காரர்களுக்காகத்தான் அழுவாள். வழியில் கிடக்கும் சீப்பை எடுக்காதே, அது அவளுடையதாக இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பார்கள்.

இன்னொரு விளக்கம் கிறிஸ்தவம் வந்த பிறகு உண்டானது. வானுலகில் கலகம் நடந்தபோது இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நின்ற தேவதூதர்கள் இவர்கள். சொர்க்கத்துக்கு ஏற்ற நன்மையும் இல்லை, நரகத்துக்கு ஏற்ற தீமையும் இல்லை. பாதி வழியில் பூமியில் தங்கிவிட்டார்கள். நாடு முழுக்கச் சொல்லப்படும் ஒரு கதையில், கடைசி நாளில் எங்களுக்கு மீட்சி உண்டா என்று அவர்கள் ஒரு பாதிரியாரிடம் கேட்டு வரச் சொல்வார்கள். 'உங்கள் உடம்பில் ஒரு பேனா நனையும் அளவுக்காவது ரத்தம் இருந்தால் உண்டு' என்பது போல் பதில் வரும். அவர்களுக்கு ரத்தம் கிடையாது. பெரிய அழுகைச் சத்தத்தோடு கதை முடியும். பயமுறுத்துவதற்கென்று சொல்லப்படும் கதையில் இத்தனை இரக்கம் இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது என் துறைக்கு வருகிறேன். இவர்கள் வசிக்கும் இடமாகச் சொல்லப்படுவது 'ராத்' அல்லது 'லிஸ்' எனப்படும் வட்டமான மண்கரை. ஆங்கிலத்தில் ஃபேரி கோட்டை என்று பெயராகிவிட்டது. சுற்றிலும் ஒரு பள்ளம், தோண்டிய மண்ணில் ஒரு கரை, நடுவில் வெட்டவெளி. தொல்லியலார் கணக்குப்படி பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலத்தில் விவசாயக் குடும்பங்கள் கட்டிக் குடியிருந்த வீட்டு வளாகங்கள். சிலவற்றின் அடியில் கல் அடுக்கிய சுரங்கப் பாதையும் உண்டு. பொருள் வைக்கவும், எதிரி வந்தால் ஒளியவும். குடியிருந்தவர்கள் போன பிறகு, 'பூமிக்கு அடியில் யாரோ இருக்கிறார்கள்' என்ற பேச்சு வந்ததில் ஆச்சரியம் என்ன?

அப்படிப்பட்ட வட்டங்கள் அந்தச் சின்னத் தீவில் சுமார் 45,000 என்று மதிப்பிடுகிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அத்தனை மண்கரை உழவுக்குத் தப்பி நின்றது எப்படி? காவல்காரன் கிடையாது. பழஞ்சின்னங்களைக் காக்கும் விரிவான சட்டம் 1930ல்தான் வந்தது. அதற்கு முன்னால் காவல் காத்தது பயம். ராத்தில் மண்வெட்டி வைத்தவன் கை விளங்காமல் போகும், மாடு சாகும் என்று சொல்லிக் கொண்டே இருந்தார்கள். வயலுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் முள்மரத்தைச் சுற்றி உழுதுவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் கார் ஜன்னல் வழியாக அப்படிப்பட்ட ஒற்றை மரங்களைப் பார்க்கலாம். 1973ல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. பெரிய எந்திரங்களும் மானியமும் வந்தன. ராத்துகள் பல தரைமட்டமாயின. பயம் குறைந்த இடத்தில் சட்டம் அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

பயம் முழுக்கப் போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. 2017ல் கெர்ரி பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, என்22 என்ற சாலையில் ஓரிடம் சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்ப இறங்குவதற்கு அருகில் உள்ள ஃபேரி கோட்டைகள்தான் காரணம் என்று சொன்னார். சாலைத் துறை, அடிமண்ணில் உள்ள கோளாறு என்றது. என்னைக் கேட்டால் நான் துறையின் பக்கம்தான். அடிமண் சரியில்லை என்றால் மேலே எத்தனை தார் போட்டாலும் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஒரு மக்கள் பிரதிநிதி கூச்சப்படாமல் அப்படிச் சொல்ல முடிகிறது என்றால், அந்தப் பேச்சுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? 'நம்புறீங்களா?' என்று கேட்டால் அங்கே கிடைக்கும் பதிலும் வேடிக்கையானது: நம்ப மாட்டேன், ஆனால் அந்த மரத்தை வெட்டவும் மாட்டேன்.

சின்னச் சின்ன வழக்கங்கள் எத்தனையோ. ராத்திரி கால் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டும்போது, 'விலகிக்கோங்க' என்று குரல் கொடுத்துவிட்டுக் கொட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தார் நனைந்துவிடக் கூடாது. தெரிந்த வயலிலேயே திடீரென்று வழி தெரியாமல் சுற்றினால், காலடியில் 'வழிமறக்கும் மண்' பட்டுவிட்டது என்று பொருள். கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டால் வழி தெரியும். மேற்குப் பகுதியில் ஆண் குழந்தைகளுக்குப் பாவாடை கட்டிவிடுவார்கள். ஆண் பிள்ளைகளைத்தான் ஃபேரிகள் தூக்கிப் போவார்களாம். அவர்களை ஏமாற்றுவதற்கு என்று காரணம் சொல்வார்கள். 'பசிப்புல்' என்று ஒன்று உண்டு. அதன்மேல் கால் வைத்தவனுக்குத் தாங்க முடியாத பசி வந்து கீழே விழுவான். 1845க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்த நாடு அது. பசியால் செத்தவன் விழுந்த இடத்தில் முளைத்த புல் அது என்று சொல்வார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று எப்படி ஒதுக்குவது? செத்தவர்களை மறக்காமல் இருக்க அந்த ஜனம் கண்ட வழி அது.

இதுவரைக்கும் கேட்டால் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. மரம் பிழைத்தது, மண்கரை பிழைத்தது, பஞ்சத்தில் செத்தவனுக்கு ஒரு புல்லாவது மிஞ்சியது. நான் இங்கேயே முடித்துவிட்டால் கைதட்டி அனுப்பிவிடுவீர்கள். ஆனால் இதே நம்பிக்கைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. இளைய மாணவர்கள் முக்கியமாக அதைக் கேட்க வேண்டும்.

டிப்பரேரி மாவட்டத்தில் பாலிவட்லே என்று ஒரு குக்கிராமம். அங்கே பிரிட்ஜெட் கிளியரி என்ற பெண். தையல் வேலை செய்வாள், சொந்தமாகத் தையல் மெஷின் வைத்திருந்தாள், கோழி வளர்த்து முட்டை விற்பாள். அந்தக் காலத்துக் கிராமத்தில் சொந்தக் கையில் காசு புழங்கிய பெண். கணவன் மைக்கேல் பீப்பாய் செய்யும் தொழிலாளி. குழந்தை இல்லை. 1895 மார்ச் மாதம் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. டாக்டர் வந்து பார்த்தார். மூச்சுக்குழாய் அழற்சி என்றார். வீட்டில் வேறு பேச்சு கிளம்பியது. இது பிரிட்ஜெட்டே இல்லை, அவளை ஃபேரிகள் ராத்துக்குத் தூக்கிப் போய்விட்டு, அவள் மாதிரி வேறொன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று. 'மாற்று ஆள்' என்பது அந்த மரபில் பழைய கருத்து. பச்சிலையைப் பாலில் காய்ச்சி வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றினார்கள். நீ யார், மைக்கேல் கிளியரியின் மனைவிதானா என்று கடவுள் பெயரால் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அடுப்புக்கு மேல் பிடித்தார்கள். இதெல்லாம் நடக்கும்போது அவளுடைய அப்பாவும் சொந்தக்காரர்களும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். மார்ச் 15 அன்று இரவு கணவனே விளக்கெண்ணெயை, அதாவது விளக்கு எரிக்கும் எண்ணெயை, அவள்மேல் ஊற்றி எரித்துவிட்டான். அப்புறம், உண்மையான பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரையில் ஏறி வெளியே வருவாள் என்று ராத்தின் அருகே இரவில் போய்க் காத்திருந்தான். ஒரு வாரம் கழித்து போலீஸ் அவள் உடலைத் தோண்டி எடுத்தது. கொலை அல்லாத மரணம் விளைவித்த குற்றம் என்று அவனுக்கு 20 வருஷம் தண்டனை. 1910ல் வெளியே வந்தான்.

அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரலாமா என்ற விவாதம் நடந்த காலம் அது. இப்படிப்பட்ட காட்டுமிராண்டிகளுக்கா ஆட்சி என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் எழுதின. செத்தவளுக்காக அழுததைவிட, அவள் சாவை வைத்து வாதாடியதுதான் அதிகம். ஏஞ்சலா போர்க் என்ற ஐரிஷ் பேராசிரியை 1999ல் இது பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கவனித்தீர்களா? முள்மரம் காப்பாற்றப்பட்ட அதே வருஷம்.

நண்பர்களே, இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பல நாள் யோசித்தேன். ஒரே நம்பிக்கை. ஒரு பக்கம் மரத்தைக் காப்பாற்றுகிறது, மறுபக்கம் பெண்ணை எரிக்கிறது. நம்பிக்கை நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் வைத்தால் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது. அந்தக் கதை மனுஷன் கையைப் பார்த்து என்ன சொல்கிறது? லட்டூனில் அது 'கையை எடு, இது உன்னுடையது இல்லை' என்றது. பாலிவட்லேயில் 'இவள் மனுஷியே இல்லை, என்ன வேண்டுமானாலும் செய்யலாம்' என்றது. முதலாவது வலுத்தவனைக் கட்டிப்போட்டது. இரண்டாவது அவனை அவிழ்த்துவிட்டது. எந்த ஊர் மரபானாலும் சரி, நான் இந்த ஒரு சோதனையைத்தான் இப்போது போட்டுப் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவரை மனிதக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லும் கதை எதுவானாலும், எத்தனை பழையதானாலும், அதற்கு நான் தலையாட்ட மாட்டேன்.

சரி, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எழுதி வைத்தார்கள், அதனால் தெரியும். 1825ல் குரோக்கர் என்பவர் தென் அயர்லாந்துக் கதைகளைத் தொகுத்தார். அடுத்த வருஷமே கிரிம் சகோதரர்கள் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்கள். 1888ல் கவிஞர் யேட்ஸ் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 1911ல் இவான்ஸ்-வென்ட்ஸ் என்ற அமெரிக்கர், கெல்டிக் நாடுகளில் ஊர் ஊராகப் போய் ஃபேரி நம்பிக்கை பற்றி வாக்குமூலம் வாங்கிப் பெரிய நூல் வெளியிட்டார். அவர் நமக்கு அந்நியரல்ல. பிறகு இந்தியாவுக்கு வந்து, 1935ல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும் சந்தித்தவர். திபெத்திய மரண நூலை ஆங்கிலத்தில் பதிப்பித்தவரும் அவரே.

ஆனால் என்னை அசர வைத்தவர்கள் அறிஞர்கள் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். சுதந்திரம் பெற்ற ஐரிஷ் அரசு 1935ல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. பணத்துக்குத் தட்டுப்பாடு. சேகரிப்பாளர்கள் மெழுகு உருளையில் பேச்சைப் பதிவு செய்து, எழுதி முடித்ததும் உருளையைச் சீவி மறுபடியும் பயன்படுத்துவார்கள். அந்தக் குரல்கள் பல அப்படியே போய்விட்டன, எழுத்து மட்டும் நின்றது. 1937 முதல் 1939 வரை ஆணையம் ஒரு காரியம் செய்தது. சுமார் 5,000 ஆரம்பப் பள்ளிகளில், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வாராந்தரக் கட்டுரை வகுப்பில் ஒரு வேலை கொடுத்தது: வீட்டுக்குப் போ, தாத்தா பாட்டியைக் கேள், அப்படியே எழுதிக் கொண்டு வா. தலைப்பும் கொடுத்தார்கள். ஃபேரி கோட்டை, புதையல், நாட்டு மருந்து, உள்ளூர் வீரர்கள் என்று. 50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் எழுதினார்கள். சுமார் 7,40,000 பக்கங்கள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. அந்தத் தொகுப்பை 2017ல் யுனெஸ்கோ 'உலக நினைவகம்' பதிவேட்டில் சேர்த்தது. பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்திலும் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் பாட்டி எழுதிய கையெழுத்தைப் பேரப்பிள்ளை இன்று திரையில் படிக்கலாம்.

அந்தப் பக்கங்களில் சிலவற்றை நானும் படித்தேன். யாரும் 'நம்புகிறேன், நம்பவில்லை' என்று எழுதவில்லை. எங்கள் ஊரில் இத்தனை ராத் இருக்கிறது, இன்னார் வயலில் இருக்கிறது, அதைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள், சொன்னவர் இவர், அவருக்கு வயது இத்தனை. அவ்வளவுதான். எனக்கு அது சர்வே புத்தகம் மாதிரியே இருந்தது. பார்த்ததைப் பார்த்தபடி எழுது, அபிப்பிராயம் பிறகு என்று இந்தக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதானே!

கடைசி வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த லீவில் வீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். வீட்டிலேயே வயதானவர் யாரோ அவரிடம் உட்காருங்கள். சொல்பவர் பெயர், ஊர், வயது, தேதி எல்லாவற்றையும் மேலே குறித்துக் கொள்ளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். பெருமைப்படும்படியான கதையை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கூச்சப்பட வைக்கும் கதையையும் சேர்த்தே எழுதுங்கள். முள்மரத்தின் கதையை வைத்துக்கொண்டு பிரிட்ஜெட்டை மறைத்திருந்தால், அயர்லாந்துக்காரர்கள் தங்களைப் பாதிதான் தெரிந்து வைத்திருப்பார்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மதியச் சாப்பாட்டில் சாம்பார் உண்டு என்று கேள்வி.